ஒருவருக்கு நீர், ஒருவருக்கு நெருப்பு

ஒசூரிலாகட்டும், தென்கோடியிலாகட்டும், நடைப்பயணம் செல்லும் பக்தனுக்கு நீரும் மோரும் வார்த்து, முகமலர்ந்து வழியனுப்பும் சிற்றூர் மக்களின் அன்பைப் போற்றுகிறோம். அந்த அன்பு யாருக்கு உரியது என்பதே நம் கேள்வி.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணமே விடை கூறும். திங்களூர் அப்பூதியார் தண்ணீர்ப் பந்தல் அமைக்கிறார். வழிநடந்து வந்த திருநாவுக்கரசர், பந்தலில் தம் பெயரைக் கண்டு வியக்கிறார். அந்தணர் வேளாளரை வீழ்ந்து வணங்குகிறார். விருந்து கெடலாகாதென்று, பாம்பு தீண்டி மாண்ட மகனின் உடலையும் மறைக்கிறார்! சாதிவேலி சற்றே சாய்ந்த காட்சி இது, நாம் மறுக்கவில்லை.

அதே நூலில் ஆதனூர் நந்தனாரும் தில்லைக்கு நடக்கிறார். அவருக்குப் பந்தல் எங்கே? பந்தி எங்கே? ஊரெல்லையிலேயே கால்கள் தயங்குகின்றன. வேதியர் மூட்டிய தீயில் மூழ்கி, முந்நூல் மார்பினராய் எழுந்த பின்னரே உள்ளே செல்ல வழி பிறக்கிறது. ஒருவருக்கு நீர், ஒருவருக்கு நெருப்பு! கவிச்சுவையில் மயங்கி இக்கொடுமையைக் கடந்துபோகலாமா?

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் ஒசூர், கிருட்டினகிரி எல்லைப்புறத்துக்கு, ஆலை வேலை தேடி வடபுலத்தாரும் வருகிறார்கள். 2020 ஊரடங்கில் நாடெங்கும் நெடுஞ்சாலைகளில் நடந்த தொழிலாளர்கள் தேடியது கோயிலை அல்ல, வீட்டை! அவர்களுக்கும் சோறும் நீரும் ஈந்த சிற்றூர்க் கைகள் உண்டு. அதற்குப் பெயர் பக்தியன்று, மனிதப் பற்று.

இளைஞர்களே, பந்தல் அமைப்பீர்! பெயரும் பிறப்பும் கேளாது வழங்குவீர்!