ஆசிரியர் பெயரும் அடையாள எண்ணும்

ஒரு நூலை ஆராயப் புகுவார் முதற்கண் அறிய வேண்டுவது அதனை ஆக்கியோர் யாவர் என்பதாகும். சிறப்புப் பாயிரத்தின் இலக்கணங் கூற வந்த நன்னூலார் ஆக்கியோன் பெயரையே முதலில் வைத்தனர். பெயர் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அதன்கண் அமைந்து கிடக்கின்றது. அந்நம்பிக்கை எத்தனை முறை பொய்த்துள்ளது என்பதைத் தமிழிலக்கிய வரலாற்றைச் சிறிதளவு கற்றாரும் அறிவர். இக்காலத்து ஆராய்ச்சிச் சஞ்சிகைகள் கட்டுரையாளரிடம் பெயரோடு 16 இலக்க எண் ஒன்றையுங் கேட்கின்றன. இஃதென்ன வேண்டாத புதுமை என்று முகஞ் சுளிப்பாரும் உளர். அவ்வெண்ணின் பயன் யாது, குறை யாது, ஊவா மலைப்பகுதியிலிருந்து எழுதப் புகும் ஒருவர்க்கு அது யாது செய்யும் என்பன ஈண்டு ஆராயப்படும்.

நக்கீரர் என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். சங்கச் செய்யுள் பாடியவரும் நக்கீரர். இறையனார் களவியலுக்கு உரை கண்டவரும் நக்கீரர் என்ப. பதினோராந் திருமுறையிற் பிரபந்தங்கள் பாடியவர் நக்கீரதேவ நாயனார். இவர் யாவரும் ஒருவரே என்று மரபு கொண்டது. மொழிநடையையுங் காலத்தையும் நோக்கிய பிற்கால ஆராய்ச்சியாளர் இவரைப் பிரித்துக் கண்டனர். கபிலருக்கும் கபிலதேவ நாயனாருக்கும், பரணருக்கும் பரணதேவ நாயனாருக்கும் இடையே இதே வழக்கு உண்டு. ஔவையாரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அதியமானைப் பாடியவரையும் ஆத்திசூடி செய்தவரையும் ஒரே மூதாட்டியாக்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

இச்சிக்கலின் அளவை உணர்தற்கு 1940ஆம் ஆண்டிற் சைவசித்தாந்த மகாசமாசத்தார் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பை நோக்குதல் நன்று. எஸ். வையாபுரிப்பிள்ளை அப்பதிப்பிற் பாட்டுக்களைத் தொகைநூல் வரிசையில் வையாது புலவர் வரிசையில் வைத்தனர். அங்ஙனம் வைக்க முற்பட்ட கணமே, ஊர்ப்பெயர் சேர்ந்தும் சேராதும், தந்தை பெயர் சேர்ந்தும் சேராதும் வரும் பெயர்களுள் எவை ஒருவர்க்குரியன, எவை இருவர்க்குரியன என்று ஒவ்வொன்றிற்கும் தீர்ப்புக் கூற வேண்டிய பொறுப்புப் பதிப்பாசிரியர்மேல் விழுகின்றது. சங்கப் புலவர் 473 பேர் என்று மாணவர் வாய்பாடு போல ஒப்புவிக்குந் தொகை, இத்தகைய தீர்ப்புக்கள் பலவற்றின்மேல் நிற்பது. ஒரு தீர்ப்பு மாறுமாயின் தொகையும் மாறும்.

முன்னோர் இதற்குப் பரிகாரந் தேடாமலும் இருக்கவில்லை. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், ஈழத்துப் பூதன்தேவனார் என ஊரும் தொழிலும் தந்தை பெயரும் முன்னொட்டாக வந்தது அழகு கருதியன்று. ஆளைப் பிரித்தறிதல் கருதியேயாம். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் என்று நாம் ஊரைச் சேர்த்துச் சொல்வதும் அவ்வழக்கின் எச்சமே.

அண்மைக்காலத்து ஈழத்திற்கு வருவோம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையிற் கற்பித்த மரபுவழித் தமிழறிஞர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903–1968) இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர், சாசன ஆராய்ச்சியாளர், பேச்சுத்தமிழில் நாடகம் எழுதியவர். இருவருஞ் சமகாலத்தவர், நடையாலும் நோக்காலும் வேறானவர். பட்டத்தையும் தலைப்பெழுத்தையும் நீக்கிவிட்டால் நூற்பட்டியலில் எஞ்சுவது ஒரே பெயர். இன்னும் நுட்பமான சான்று ஒன்றுண்டு. யாழ்ப்பாண இராச்சியம் பற்றி 1978இல் ஆங்கில நூல் வெளியிட்ட வரலாற்றுப் பேராசிரியர் சி. பத்மநாதன். ஈழத்துத் தமிழ்க் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கவிஞர் சோ. பத்மநாதன். தமிழில் எழுதும்போது இவரை மயங்குதற்கு இடமில்லை. ஆங்கிலத்தில் எழுதியவுடன் இருவரும் எஸ். பத்மநாதன் ஆகிவிடுகின்றனர். கவிஞர் 'சோ.ப.' என்ற பெயரால் அறியப்பட்டமை வாசகர் செய்த தவப்பயன் என்றே கூறலாம்.

இவ்விடத்துச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். தமிழ்த் தலைப்பெழுத்துப் பெரும்பாலும் உயிர்மெய்யெழுத்து. ச, சா, சி, சு, செ, சோ என அது தன்னுள்ளேயே வேறுபாட்டை அடக்கி நிற்கும். ஆங்கில வடிவத்தில் உயிர் கழிந்து மெய்யே எஞ்சுகின்றது. அம்மெய்யும் நிலையாக நில்லாது. 'சி' என்பதை ஒருவர் எஸ் என்பார், மற்றொருவர் சீ என்பார். அன்றியும் தமிழர்க்குக் குடும்பப்பெயர் என்பதொன்று இல்லை. தந்தை பெயர் முன்னும் தன்பெயர் பின்னும் நிற்கும். சஞ்சிகையாரின் படிவமோ முதற்பெயர், இறுதிப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி நிரப்புக என்னும். தன்பெயரை முதற்கட்டத்திலும் தந்தை பெயரை இறுதிக்கட்டத்திலும் இட்டவரின் ஆராய்ச்சி முழுதும், மேற்கோள் காட்டுவார் வாயிலாக, எழுத்தறியாத் தந்தையின் பெயரில் உலகெங்கும் வழங்கும். அது புண்ணியமாகலாம், நூலடைவுக்கு உதவாது. மணமானபின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொள்ளும் பெண்மணியோ முற்பாதி வாழ்வின் ஆராய்ச்சியை வேறொருத்திக்கு விட்டுக்கொடுத்தவராகின்றார்.

இனி, எண்ணின் இயல்பைக் கூறுவோம். ஓர்க்கிட் என்பது இலாபநோக்கற்ற நிறுவனம் ஒன்று நடத்தும் பதிவேடு. நிறுவனம் 2010இல் அமைந்தது. பதிவேடு 2012 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. ஆய்வாளரிடம் அது கட்டணம் பெறுவதில்லை. உறுப்புரிமை பெற்ற பல்கலைக்கழகங்களும் வெளியீட்டாளரும் செலுத்துந் தொகையால் நடைபெறுகின்றது. எண் நந்நான்காக நான்கு தொகுதியாய் எழுதப்படும். இறுதி இலக்கம் ஏனைய பதினைந்தையுங் கணித்துப் பெறப்படுவது. எங்கேனும் ஓரிலக்கம் பிழைபட எழுதப்படின் அக்கணிப்புக் காட்டிக்கொடுத்துவிடும். அவ்விறுதி இடத்திற் சிலர்க்கு இலக்கத்திற்குப் பதிலாக எக்ஸ் என்னும் எழுத்து வரும். அதுகண்டு அச்சுப்பிழை என்று திருத்தப் புகுதல் கூடாது.

சஞ்சிகைக்குக் கட்டுரை அனுப்புங்கால் நிகழ்வது இது: கட்டுரையாளர் சமர்ப்பிக்கும் பக்கத்திலிருந்து பதிவேட்டிற்குச் சென்று, தம் கடவுச்சொல்லைத் தாமே இட்டு, சஞ்சிகைக்கு அனுமதி வழங்குவார். அதன்பின் அவ்வெண் கட்டுரையோடு பிணைக்கப்பட்டு அவர் பெயரருகே பச்சைநிறக் குறியொன்றுடன் வெளிவரும். கட்டுரைக்கெனத் தனி எண் பதிவாகும்போது, ஆசிரியர் இசைந்திருப்பின், அவர்தம் ஏட்டில் அக்கட்டுரை தானே சென்று சேர்தலும் உண்டு. இலண்டன் ரோயல் சொசைட்டி 2016 சனவரி முதல் தன் சஞ்சிகைகளுக்கு எழுதுவோர் இவ்வெண்ணைத் தருதல் வேண்டும் என்று விதித்தது. பிறரும் அவ்வழி சென்றனர்.

இவை நகரத்துப் பேராசிரியர்க்குச் சிறுவசதி. மலைநாட்டார்க்கு அதனினும் மிக்கது.

பெரகலைக்கும் பலாங்கொடைக்கும் இடைப்பட்ட பெருஞ்சாலையில், தெற்கே தாழ்நிலம் பரந்து கிடப்பதை நோக்கியவாறு அமைந்தது ஹல்துமுல்லை. அதன் தோட்டமொன்றிற் பிறந்து, பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலோ பேராதனையிலோ பட்டம் பெற்று ஆராய்ச்சியிற் புகும் பெண்ணொருத்தியைக் கருதுக. அவள் பெயரை முதலில் எழுதியவர் பெற்றோர் அல்லர். தமிழ் அறியாத ஒருவர் காதில் விழுந்தவாறு பிறப்புப் பதிவில் எழுதினார். செக்றோலில் அது வேறுவிதமாயிற்று. அடையாள அட்டையிற் சிங்கள ஒலிக்கேற்ப மூன்றாம் வடிவம் பெற்றது. பரீட்சைச் சான்றிதழில் நான்காவது. மலைநாட்டில் இஃது அரிய செய்தியன்று. சத்தியக்கடதாசி முடிக்காத குடும்பம் அரிது. ஓரெழுத்து மாறியமையால் வந்த துன்பம் சிறிதுமன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்பின் பத்திரங்கொண்டு தம்மை நிறுவ வேண்டியிருந்த மக்கள் இவர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இவரை எண்ணிப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை பலர் எந்நாட்டவரும் அல்லராய் இருந்தனர். அத்தகைய மரபில் வந்தவள் தன் முதற்கட்டுரையில் தன் பெயரை எவ்வாறு எழுதுவது என்று தயங்கின் அது வீண்தயக்கமன்று. எண் இருப்பின் நான்கு வடிவங்களையும் அதன்கீழ்ப் பிறபெயர்கள் என்னும் இடத்திற் சேர்க்கலாம், தமிழெழுத்திலும் எழுதலாம், எவை பிறர் காண நிற்பன என்பதைத் தானே வகுக்கலாம். சத்தியக்கடதாசிக்கு முத்திரைச் செலவும் இல்லை.

ஊர்ப்பெயருக்கும் இந்நிலை உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் ஹல்துமுல்லைப் பிரதேசத்து மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களைப் புதைத்தது. புதையுண்டோர் தொகை முதல் நாட்களில் மாறி மாறிச் சொல்லப்பட்டது. இருந்தார் எத்தனைபேர் என்பதே உறுதியாயில்லை. அச்சரிவு பற்றிய ஆராய்ச்சிகளைத் தேடுவோன் மீரியபெத்தை என்னும் பெயரை ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டலிலும், போதாதற்குக் கொஸ்லந்தைச் சரிவு என்றும் தேடல் வேண்டும். ஊர்ப்பெயரும் மயங்கி, எழுதியவர் பெயரும் மயங்கின், அடுத்த சரிவைப் பற்றி ஆராய்வான் எதனைப் பற்றிக்கொண்டு ஏறுவான்?

இனி மறுப்பாரின் கூற்றை நோக்குவோம். மனிதனுக்கு எண்ணிடுதல் இழிவு என்பர். மலைநாட்டில் இக்கூற்றுக்குத் தனிவலிமை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொணர்ந்தபோது தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரவில்லையைக் கொடுத்து அனுப்பினர். அதைக் காட்டினால் தோட்டத்தின் கணக்கில் வழிச்செலவு நடக்கும். மூட்டையொன்று சேருமிடம் சேர்வது போல ஆளும் சேர்வான். அவன் பெயரை எவருங் கேட்கவேண்டுவதில்லை. அவ்வில்லையை அணிந்தாரின் பேரப்பிள்ளைகள் மீண்டும் எண் பெறுவதா என்ற வினா உணர்ச்சியால் எழுந்ததாயினும் தள்ளத்தக்கதன்று.

விடை, எண் யார் கையில் உள்ளது என்பதைப் பொறுத்தது. தகரவில்லை தோட்டத்திற்கு உரியது. தோட்டம் மாறின் பொருளற்றது. ஓர்க்கிட் எண் வேலை மாறினும் நாடு மாறினும் பெயர் மாறினும் ஆய்வாளனோடேயே செல்லும். எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்பதும் அவன் கையது. ஆகவே, ஆண்டறிக்கை அனுப்பும் அவசரத்தில் எழுதுவினைஞர் ஒருவர் துறையிலுள்ளார் யாவர்க்கும் தாமே மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அமைத்து எண் பெற்றுக் கொடுப்பாராயின், அது தகரவில்லைக்கே திரும்புதலாகும். நல்லெண்ணத்தாற் செய்யினும் தவறு தவறே. இளைஞர்க்கு அதனைச் செய்து கொடுத்தலினும் செய்யக் கற்பித்தல் வேண்டும். ஒரு பாடவேளைகூட ஆகாது.

எண்ணின் குறைகளும் உள. பதிவேட்டார் எவரிடமும் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. மின்னஞ்சல் உடையார் எவரும் எண் பெறலாம். மறதியால் ஒருவரே இரண்டு பெறுதலும் உண்டு, அவற்றைப் பின்னர் ஒன்றாக்கல் வேண்டும். பொய்ப்பெயரில் மதிப்பீட்டாளரைப் படைத்துத் தம் கட்டுரைக்குத் தாமே நற்சான்று பெற்றாரை உலகம் கண்டுள்ளது. 2015இல் பயோமெட் சென்ட்ரல் என்னும் வெளியீட்டு நிறுவனம் அக்காரணத்தால் 43 கட்டுரைகளை மீளப்பெற்றது. எண் இருத்தல் நேர்மைக்குச் சான்றன்று. புலமைக்குச் சான்று எவ்வாற்றானும் அன்று. எண்ணைக் கண்டு கட்டுரையை மதிப்பது, அட்டையைக் கண்டு நூலை மதிப்பதேயாம்.

பெருங்குறை பிறிதொன்று. தமிழில் எழுதப்பெறும் ஆராய்ச்சியிற் பெரும்பகுதி சஞ்சிகைகளில் வருவதன்று. கல்லூரி மலர்களிலும், நினைவு மலர்களிலும், கும்பாபிஷேக மலர்களிலும், மாநாட்டுத் தொகுப்புக்களிலும் அது சிதறிக் கிடக்கின்றது. அவற்றுக்குக் கட்டுரை எண் இல்லாமையால் எதுவும் தானே ஏட்டிற் சென்று சேராது. ஆசிரியரே ஒவ்வொன்றாக எழுதிச் சேர்க்கவேண்டும். சேர்ப்பார் மிகச் சிலர். அதனால் ஆங்கிலத்தில் இரண்டு கட்டுரையும் தமிழில் இருபது கட்டுரையும் எழுதியவர், தம் ஏட்டில் இரண்டு எழுதியவராகவே காட்சியளிக்கின்றார். இது பதிவேட்டின் குற்றமா, மலர் வெளியிடுவாரின் குற்றமா என்று வழக்காடிப் பயனில்லை. மலர்க்குழுவினர் கட்டுரையாளரிடம் புகைப்படங் கேட்கும் கடிதத்திலேயே எண்ணையுங் கேட்கலாம். ஆசிரியர் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுவடிவிற் பொருளடக்கத்தில் அச்சிடலாம். செலவு ஒரு வரி மை.

காலஞ்சென்றார்க்கு ஓர்க்கிட் எண் பெறுதல் இயலாது. அது வாழ்வோர் தாமே பெறுவது. அவர்க்கெனச் சர்வதேச நியம பெயர் அடையாள எண் என வேறொன்று நூலகத்தாரிடையே வழங்குகின்றது. மலைநாட்டின் முதன்மை எழுத்தாளருள் ஒருவரும் 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றஞ் சென்றவருமாகிய சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். அவர் பெயர் ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகவும் இரு சொல்லாகவும் காணப்படும். சாசன ஆராய்ச்சியாளர் ஆ. வேலுப்பிள்ளையின் (1936–2015) பெயரோடு அது பட்டியல்களில் அடுத்தடுத்து நிற்கும். இவரை வேறுபடுத்தும் வேலையை 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்தார், தந்தை பெயரையுஞ் சேர்த்து ஆளுமைப் பக்கங்களில் ஒவ்வொருவராகச் செய்து வருகின்றனர். தோட்டப் பாடசாலை மலர்களில் தலைப்பெழுத்து மட்டும் இட்டு எழுதியவர்கள் இன்னும் அப்பட்டியலுக்கு வெளியிலேயே உள்ளனர். அவருள் யார் யாவர் என்று சொல்லத்தக்க முதிய ஆசிரியர் சிலர் இன்றும் ஹப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் வாழ்கின்றனர்.