கொடுத்த கையே பறித்தது

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஓர் இலக்கிய நூலைப் போல வாசித்தால், அதன் ஆறாம் அத்தியாயம் நம்மை மகிழ்விக்கும். சுற்றாடலைப் பேணுவது அரசின் பொறுப்பு என்கிறது 27ஆம் உறுப்புரை. இயற்கையைக் காப்பது ஒவ்வொருவரினதும் கடமை என்கிறது 28ஆம் உறுப்புரை. ஆயின், இவற்றை எந்த நீதிமன்றிலும் வலியுறுத்த இயலாதெனக் கைவிரிக்கிறது 29ஆம் உறுப்புரை!

இம்முரணின் சுமை கரையோர மக்களின் தலையிலேயே விழுகிறது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்சுவர்கள் வடக்கு நோக்கிய மணலோட்டத்தை மறித்தன. அவற்றின் வடபால் கரை கடலுக்கு இரையாயிற்று. மருதமுனைவரை நீளும் இக்கடலோரத்தில் கரைவலை இழுப்போனுக்கு மணலே தொழிற்களம். கரை போனபின் அவன் எங்கு நின்று இழுப்பான்? எவ்வுரிமையைச் சொல்லி வழக்காடுவான்?

எப்பாவலைப் பொஸ்பேற்றுத் திட்டத்தை எதிர்த்த ஊரார் 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றில் வென்றனர். ஆயினும் சமத்துவம், தொழில், வதிவிடம் ஆகிய உரிமைகளின் துணைகொண்டே அவ்வெற்றியை எட்ட வேண்டியிருந்தது. அப்புகழ் நீதிபதிகளுடையது.

நலமான சுற்றாடலில் வாழும் உரிமையை, மூன்றாம் அத்தியாயத்தின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தல் வேண்டும். மக்களுக்குக் கடமையை விதித்து உரிமையை மறுக்கும் எழுத்து, மக்கள் எழுத்தாகாது.