வில்லுக்கு எத்தனை முள் வேண்டும்?

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் பயன்படும் கப்பி வில்லில் 'சைட்' என்னும் குறிபார்க்கும் கருவியைப் பொருத்துகிறார்கள். அதில் 20, 30, 40 கஜம் எனத் தூரத்துக்கு ஒரு முள். முட்கள் கூடினால் குறி தவறாது என்று நம்புவோர் பலர். இது சரிதானா? நமக்குப் பழகிய மீட்டரிலேயே கணக்கிட்டுப் பாருங்கள்.

அம்பின் வேகம் வினாடிக்கு 80 மீட்டர் என்று கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிடலாம். 40 மீட்டரைக் கடக்க அரை வினாடி. அதற்குள் அம்பு சுமார் 1.2 மீட்டர் தாழ்ந்துவிடுகிறது! இதை ஈடுசெய்யத்தான் முள். ஆனால் எந்த முள் என்று தீர்மானிப்பது யார்? உங்கள் கண் அல்லவா? 40 மீட்டரில் நிற்கும் மானை 35 மீட்டரில் நிற்பதாக எண்ணி எய்தால் அம்பு 15 சென்டிமீட்டர் கீழே பாயும். 20 மீட்டரில் அதே 5 மீட்டர் பிழைக்கு 8 சென்டிமீட்டர்தான். மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதியோ ஏறத்தாழ 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலம். 15 சென்டிமீட்டர் தவறினால் மான் காயத்தோடு புதருக்குள் ஓடி மறையலாம்.

நகர்த்தும் ஒற்றை முள் பார்வையை மறைக்காது. ஆனால் நாணை இழுத்தபின் மான் நகர்ந்தால் திருத்த நேரமேது? ஐந்து முள்ளிலோ, அந்தி வெளிச்சத்தில் எது எதற்கென்று குழப்பம். மூன்றே போதும் என்பேன். எஞ்சும் பணத்தை லேசர் தூரமானிக்குச் செலவிடலாம். அது கையில் இல்லாதவர் 20 மீட்டருக்கு அப்பால் எய்யாதிருப்பதே நல்லது.