கொலைக்களக் காவலர்

கோவலன் கொலைக்குப் பொறுப்பு யார் என்னும் வினாவுக்குத் திறனாய்வாளர் பெரும்பாலும் மூன்று விடைகளைத் தருவர்: பொய் புனைந்த பொற்கொல்லன், ஆராயாது ஆணையிட்ட பாண்டியன், ஊழ்வினை. ஆணையை ஏற்றுச் சென்ற காவலர்மேல் பார்வை அதிகம் படிவதில்லை. இளங்கோவடிகளோ கொலைக்களக் காதையில் அவர்களுக்கெனவே ஒரு காட்சியை ஒதுக்கியுள்ளார். அதன் ஆழம், சிங்கப்பூர் நிகழ்ச்சிகள் சிலவற்றோடு வைத்து நோக்கும்போது புலப்படும்.

தேக்கா என்று தமிழர் வழங்கும் லிட்டில் இந்தியாவில், 2013 டிசம்பர் 8 இரவு, தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். கூட்டம் கொதித்தெழுந்தது. கற்கள் பறந்தன; காவல் வண்டிகளும் ஆம்புலன்சும் எரிந்தன. அவ்வளவு கலவரத்திலும் காவலர் ஒருமுறைகூடச் சுடவில்லை.

2022 மார்ச் 23 இரவு நிகழ்ந்ததோ வேறு. தேக்காவுக்கு அணித்தேயுள்ள பெண்டமியர் சாலை அடுக்குமாடிக் குடியிருப்பில் 64 வயது முதியவர் ஒருவர் கத்தியோடு நின்றார். அதைக் கீழே போடுமாறு காவலர் பலமுறை கூறினர். டேசர் என்னும் மின்னதிர்ச்சிக் கருவியை இயக்கினர், பயனில்லை. அவர் மேலும் நெருங்கவே ஒரு காவலர் சுட்டார். முதியவர் உயிர் பிழைக்கவில்லை. அதற்கு முந்திய மாதம் கிளமெண்டியில் கத்தியோடு வந்தவர் கையில் குண்டு பட்டும் பிழைத்துக்கொண்டார்.

இனி மதுரைக் காட்சியை நோக்குக. கோவலனிடம் படைக்கலம் ஏதும் இல்லை. அவன் தோற்றத்தைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்றே முதலில் கருதினர். பொற்கொல்லன் கள்வர் தந்திரங்களை விரித்துரைத்தான். காவலருள் ஓர் இளைஞனும், இருளில் தன் வாளையே பறித்துச் சென்ற கள்வனின் கதையைச் சொன்னான். பெண்டமியர் சாலையில் அச்சத்துக்குக் காரணம் கண்ணெதிரே இருந்தது. மதுரையிலோ கேட்ட கதைகளே காரணமாயின. என்ன செய்வதென்று அவர்கள் தம்முள் மயங்கிநிற்கையில், கல்வியறிவற்ற குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிட்டான். எச்சரிக்கை இல்லை; கோவலனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை.

“அரசன் ஆணைதானே?” என்று வாதிப்பார் உண்டு. அவ்வாணை நிபந்தனை உடையது. தேவியின் சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் என்பதே அந்நிபந்தனை. இவன் கள்வனா, இது தேவியின் சிலம்பா என்று நேரில் ஆராயும் கடமை களத்தில் நின்றவர்க்கே உரியது. எந்நாட்டுக் காவலருக்கும் படைக்கலம் ‘ஆயின்’ என்னும் நிபந்தனையோடுதான் அளிக்கப்படுகிறது. அந்த ‘ஆயின்’ நிறைவேறிற்றா என்று நொடிப்பொழுதில் முடிவு செய்வதே அவர்தம் தொழிலின் அருமை.

அம்முடிவு பின்னர் ஆராயப்படுதலும் வேண்டும். தேக்கா கலவரத்தை முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான குழு ஆராய்ந்து 2014இல் அறிக்கை தந்தது. காவலர் துணைப்படைக்காகக் காத்திருந்த இடைவெளியில் கலவரம் வலுத்தது என்ற குறையும் அங்கே பேசப்பட்டது. பொறுமையும் வன்மையும் ஒருங்கே விசாரணைக்கு உரியவை என்பதே இதன் பொருள். மதுரையில் விசாரணையை அரசு தொடங்கவில்லை. கணவனை இழந்த ஒருத்தி ஒற்றைச் சிலம்போடு வந்து தொடங்கினாள். வாள் வீசியவனை யாரும் விசாரித்ததாகக் காப்பியத்தில் இல்லை.

கொலைக்களக் காதையைப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள், மன்னன் பிழையோடு காவலர் பிழையையும் மாணவர்முன் வினாவாக வைத்தல் நன்று.