வெள்ளைத் தடத்தில் சைக்கிள்

தெற்கு இங்கிலாந்தின் குன்றுகள் யாரையும் மிரட்டுவதில்லை. ஏறி முடிப்பதற்குள் இறக்கம் வந்துவிடும். புல்வெளியின் நடுவே வகிடு எடுத்ததுபோல் ஓடும் சுண்ணாம்புக்கல் தடங்களில் போவதற்கென்றே அகல டயர் கொண்ட கிராவல் சைக்கிளைக் கண்டுபிடித்தார்களோ என்று தோன்றும்.

2020இல் சைக்கிளிங் யூகே அமைப்பு அறிமுகப்படுத்திய 'கிங் ஆல்ஃபிரட்ஸ் வே' சுமார் 350 கிலோமீட்டர் நீளமுள்ள வட்டப் பாதை. வின்செஸ்டரில் தொடங்கி, ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி கல்வட்டங்களைத் தொட்டு, ரிட்ஜ்வே என்ற மிகப் பழைய மேட்டுப்பாதையில் ஏறி, சவுத் டவுன்ஸ் குன்றுகள் வழியாக வின்செஸ்டருக்கே திரும்புகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் பின்னாலுள்ள சட்டம். இந்த வழியில் வருவது போன்ற குதிரைத்தடங்களில் சைக்கிள் ஓட்டும் உரிமையை 1968ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. தடம் தனியார் வயலுக்குள் போனாலும் உரிமை உரிமைதான். ஆனால் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர்தான் வழிவிட வேண்டும். நல்ல ஏற்பாடு, மணியடித்துக்கொண்டு விரட்ட முடியாது.

காய்ந்த நாளில் நாற்பது மில்லிமீட்டர் டயர் சரசரவென்று ஓடும். மழை பெய்தால் சுண்ணாம்பு வழுக்கும். களிமண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். கூரான சிக்கிமுக்கிக் கல் டயரைக் கிழிக்கும். குளிர்காலத்திலும் இதைப் புகழ்பவர்கள் வேறு ரகம். எனக்கு ஜூன் மாதமே போதும்.