கடைசித் தொடுகையின் கணக்கு

ஒரு விளையாட்டு வீரரின் வாழ்நாள் ஆட்டத்தை முழு எண்களால் அளந்து, நூறாவது ஆட்டம், இருநூறாவது கோல் என ஒவ்வோர் எண்ணையும் அவர் தொடும்போது அவரது பெருமை ஒரு படி ஏறியதாக அறிவிக்கும் வழக்கம், கிரிக்கெட்டிலிருந்து இந்திய ஹாக்கிக்கு வந்து நன்றாகவே வேரூன்றிவிட்டது. வீரர்களைப் பற்றிய அறிமுகக் குறிப்புகள் ஆட்டங்களின் எண்ணிக்கையில் தொடங்கிக் கோல்களின் எண்ணிக்கையில் முடிந்துவிடுகின்றன. இவ்வழக்கத்துக்கு ஆதரவாக அடிக்கடி முன்வைக்கப்படும் வாதம், எண் எவருடைய விருப்பு வெறுப்புக்கும் கட்டுப்படாது என்பதும், ஆகவே அரியலூர், பெரம்பலூர் போன்ற ஊர்களிலிருந்து பரிந்து பேச ஆளில்லாமல் வரும் பிள்ளைக்கு அதுவே காவல் என்பதும் ஆகும். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த வாதம், எந்தப் பிள்ளையின் பெயரால் சொல்லப்படுகிறதோ அந்தப் பிள்ளைக்கே எதிராக வேலை செய்கிறது.

எண்ணே வேண்டாம் என்று எவரும் சொல்லப்போவதில்லை. கணக்கு வைக்காததன் கேடு இந்திய ஹாக்கிக்கு நன்கு தெரியும்: நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆடிய தன்ராஜ் பிள்ளை மொத்தம் எத்தனை கோல் அடித்தார் என்பதற்கு நம்பத்தகுந்த அதிகாரப்பூர்வப் பதிவு இல்லை. நீண்ட காலம் உடல் தளராமல் ஆடியவரை மைல்கல் எண் அடையாளம் காட்டுகிறது என்பதும் உண்மை. மைல்கல்லை நோக்கி ஆடுவதால் ஆட்டமே கெடுகிறது என்ற பழைய குற்றச்சாட்டும் உண்டு. 2012 மார்ச்சில் மிர்பூரில் சச்சின் டெண்டுல்கர் தமது நூறாவது சதத்தை 147 பந்துகளில் 114 ஓட்டமாக எடுத்ததும், அந்த ஆட்டத்தில் இந்தியா வங்கதேசத்திடம் தோற்றதும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அது ஒருவரது மனநிலையைப் பற்றிய ஊகம் என்பதால் இங்கே அதை விரிக்கத் தேவையில்லை. இவ்வழக்கத்தின் பெருங்குறை வேறிடத்தில் இருக்கிறது: பலர் சேர்ந்து செய்த வேலையில் கடைசியாகப் பந்தைத் தொட்டவருக்கு மட்டுமே அது வரவு வைக்கிறது.

இந்தக் குறையை முதலில் கண்டுகொண்டதும், மிகத் தாமதமாகவேனும் திருத்திக்கொள்ள முயன்றதும் அமெரிக்கப் பேஸ்பால் உலகமே. மட்டையாளருக்கு 3,000 அடிகள் அல்லது 500 ஹோம் ரன்கள், பந்தெறிபவராகிய பிட்சருக்கு 300 வெற்றிகள் என்ற எண்கள் அங்கே ஏறத்தாழ வேதவாக்காக இருந்தன. பிரெட் மெக்ரிஃப் 493 ஹோம் ரன்களுடன் ஓய்வுபெற்றார். 1994ஆம் ஆண்டுப் பருவம் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் ஆகஸ்டிலேயே நின்றபோது அவர் 34 ஹோம் ரன்களில் இருந்தார் என்பதை நினைத்தால், எஞ்சிய ஏழும் அவருடைய கையிலிருந்து பிடுங்கப்பட்டவை என்றே கொள்ளலாம். ஆயினும் பத்தாண்டு வாக்கெடுப்பில் பேஸ்பால் எழுத்தாளர்கள் அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்க்கவில்லை. 2022 டிசம்பரில் ஒரு குழுதான் சேர்த்தது. பிட்சரின் வெற்றி என்ற கணக்கு இதைவிடக் கோணலானது. ஒரு பிட்சர் எவ்வளவு திறம்பட எறிந்தாலும் அவருடைய அணியின் மட்டையாளர்கள் ஓட்டம் எடுக்காவிட்டால் அவர் பெயரில் வெற்றி ஏறாது. 2018இல் ஜேக்கப் டெகிராம், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.70 ஓட்டம் மட்டுமே விட்டுக்கொடுத்திருந்தும், பத்து வெற்றிகளும் ஒன்பது தோல்விகளுமே அவர் கணக்கில் இருந்தன. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கே கொடுக்கப்பட்டது. அந்த விருது 511 வெற்றிகள் என்ற எண்ணால் புகழ்பெற்றவரின் பெயரில் அமைந்தது என்பது இதிலுள்ள வேடிக்கை. பேஸ்பால் கைவிடத் தொடங்கிய அளவுகோலை ஹாக்கி இப்போது தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறது.

பேஸ்பாலில் பிட்சரும் மட்டையாளரும் நேருக்கு நேர் நின்று ஆடும் தனிப் போட்டியாவது உண்டு. ஹாக்கியில் அதுவும் குறைவு. பெனால்டி கார்னர் என்ற ஒரே நிகழ்வை எடுத்துக்கொண்டால் போதும். கோலுக்கு முன்னுள்ள அரைவட்டத்துக்குள் தடுப்பாளர் தவறிழைத்தால் தாக்கும் அணிக்குக் கிடைப்பது பெனால்டி கார்னர். அது தானாகக் கிடைப்பதில்லை. ஒரு முன்கள வீரர் எல்லைக்கோட்டை ஒட்டிப் பந்தைக் கொண்டுபோய், கோலை நோக்கி அடிக்க இடமில்லை என்று கண்டதும், மட்டையைச் சற்றே திருப்பித் தடுப்பாளரின் பாதத்தில் பந்து படும்படி தட்டிவிடுகிறார். நடுவரின் விசில் ஒலிக்கிறது. அதற்காக அவர் முழங்காலில் அடிவாங்கியிருக்கலாம், ஐம்பது மீட்டர் ஓடியிருக்கலாம். பிறகு ஒருவர் எல்லைக்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுகிறார். கோல்காப்பாளரும் நான்கு தடுப்பாளர்களும் பாய்ந்து வருவதற்குள் இன்னொருவர் வட்டத்துக்கு வெளியே அதை அசையாமல் நிறுத்துகிறார். மூன்றாமவர் அதை மட்டையால் இழுத்து வீசுகிறார். கார்னரை ஈட்டியவர், தள்ளியவர், நிறுத்தியவர், வீசியவர் என நால்வரின் கைவேலை அந்தக் கோல். ஆட்ட அறிக்கையில் ஏறுவது வீசியவரின் பெயர் ஒன்றுதான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணி அடித்த 15 கோல்களில் 10 கோல்கள் ஹர்மன்பிரீத் சிங்கின் பெயரில் உள்ளன. அந்தப் பத்தும் பெனால்டி கார்னரிலோ, கோல்காப்பாளரை மட்டும் எதிர்கொண்டு அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலோ வந்தவை. அவர் உலகின் தலைசிறந்த வீச்சாளர்களுள் ஒருவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வாய்ப்புகளை ஈட்டித் தந்தவர்கள் யார் யார் என்று கேட்டால், ஆட்டங்களை முழுதும் பார்த்தவரும் திணறுவார். எண்களை மட்டும் படிப்பவருக்கோ அப்படியொரு கேள்வி இருப்பதே தெரியாது. அதே போட்டியில் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில், 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியபின், பத்துப் பேருடன் நாற்பது நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, 1-1 என்று நிறுத்தி, ஷூட்-அவுட்டில் 4-2 என இந்தியா வென்றது. அந்த நாற்பது நிமிடத்தில் ஓடி ஓடி இடைவெளியை அடைத்தவர்களுக்கு எந்த மைல்கல்லும் இல்லை. இந்திய ஹாக்கியின் அண்மைக்கால வரலாற்றில் மிகச் சிறந்த பகுதி எதுவோ, அது மைல்கல் கணக்கில் வெற்றிடமாக நிற்கிறது. இப்படிப்பட்ட கணக்கைக் குறையுள்ள கணக்கு என்று மென்மையாகச் சொல்வதும் பிழை; பெரும்பாலானோரின் உழைப்பை மறைக்கும் கணக்கு அது.

அரியலூருக்கு இது நேரடியாகப் பொருந்தும் செய்தி. 2007இல் பெரம்பலூரிலிருந்து மறுபடியும் பிரிந்து தனி மாவட்டமான அவ்வூர், சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் அறியப்பட்ட அளவுக்கு ஹாக்கிக்கு அறியப்பட்டதன்று. அங்கிருந்து கோவில்பட்டி விளையாட்டு விடுதிக்குச் சென்று பயின்ற முன்கள வீரர் கார்த்தி செல்வம், 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், 1-1 என முடிந்த பாகிஸ்தானுக்கு எதிரான மோதலில், இந்தியாவின் ஒரே கோலை அடித்தார். அணி வெண்கலம் வென்றது. 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். மலேசியாவை 5-0 என வென்ற ஆட்டத்தில் முதல் கோல் அவருடையது. அடுத்து வந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான அணியிலும் பாரிஸ் அணியிலும் அவர் இல்லை. அந்த முடிவுகள் சரியா தவறா என்பது இங்கே பொருளன்று. அதை ஓர் அரியலூர்க்காரர் எதைக் கொண்டு எடைபோடுவார் என்பதே கேள்வி. அவர் கையில் இருப்பவை ஆட்ட எண்ணிக்கையும் கோல் எண்ணிக்கையும் மட்டுமே. ஆட்ட எண்ணிக்கை தேர்வாளர்கள் கொடுத்த வாய்ப்பின் அளவு. அதைக் கொண்டு தேர்வாளர்களைக் கேள்வி கேட்க முடியாது. கோல் எண்ணிக்கையோ, பெனால்டி கார்னர் வீசாத முன்கள வீரரை எப்போதும் சிறியவராகவே காட்டும்.

இங்குதான் எண்ணே காவல் என்ற வாதம் முறிகிறது. எத்தனை முறை ஒருவர் வட்டத்துக்குள் நுழைந்தார், எத்தனை கார்னர் ஈட்டினார், எதிரணியிடமிருந்து எத்தனை பந்தைப் பறித்தார் என்பவற்றை அணியின் காணொளிப் பகுப்பாய்வாளர்கள் எண்ணத்தான் செய்கிறார்கள். அந்த எண்கள் பயிற்சியாளரின் கணினியில் தங்கிவிடுகின்றன. ஊருக்குக் கொடுக்கப்படுபவை மைல்கற்கள் மட்டுமே. தேர்வாளரிடம் முழுக் கணக்கும் வீரரின் குடும்பத்திடம் அரைக்கணக்கும் இருக்கும்போது, எண் யாருக்குக் காவலாக நிற்கிறது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கீழ்மட்டத்தில் அந்த அரைக்கணக்கும் தேய்ந்துவிடுகிறது. மாவட்டப் போட்டி பற்றிய நான்கு வரிச் செய்தியில் கோல் அடித்தவரின் பெயர் வந்தாலே பெரிது. பெரம்பலூரில் பதினான்கு வயதில் நடுக்களம் ஆடும் ஒரு பெண், தான் நன்றாக ஆடியதற்குக் காட்ட எந்தத் தாளும் இல்லாமலேயே விடுதித் தேர்வுக்குப் போகிறாள். அவளுடைய பெற்றோர் கோல் அடிக்கும் இடத்துக்கு மாறச் சொல்வதில் வியப்பில்லை.

கால்பந்தில் கோலுக்குப் பந்து கொடுத்தவரின் பெயரும் சொல்லப்படுகிறது. ஹாக்கியில் அதைவிட எளிதான ஒன்று செய்யலாம்: ஒவ்வொரு பெனால்டி கார்னரையும் ஈட்டியவரின் சட்டை எண்ணை, விசில் ஒலித்ததும் மேசையில் இருப்பவர் குறித்துக்கொள்ளலாம், ஆட்டம் முடிந்ததும் அதைக் கோல் பட்டியலோடு வெளியிடலாம். ஹாக்கி இந்தியா அதைச் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முதலமைச்சர் கோப்பைக்கான மாவட்ட ஆட்டங்களிலேயே அரியலூர், பெரம்பலூர் ஹாக்கி அமைப்பாளர்கள் ஸ்கோர் தாளில் இன்னும் ஒரு கட்டம் வரைந்து இதைத் தொடங்கலாம். மேலிடத்து அனுமதிக்கு இதில் வேலையே இல்லை.