பிஸ்வாஸ் தேடிய வீடு

கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்க் கடல் கடந்தோரைப் பற்றித் தமிழில் எழுதப்பெற்றவற்றுள், பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்னும் பாடலே நமக்கு முதலில் நினைவுக்கு வரும். பிஜித் தீவின் பெண்களுக்காக அவர் கொண்ட துயரம் உண்மையானது. ஆயினும் அது இக்கரையில் நின்று கேட்ட அழுகை. அப்பெண்கள் மாலையில் எந்தக் குடிசைக்குத் திரும்பினர், யாரோடு அமர்ந்து உண்டனர், எதற்காகச் சண்டையிட்டனர் என்பனவற்றை ஒரு பாடலிடம் எதிர்பார்ப்பது முறையன்று. அவற்றை நாவலே தர இயலும். வி. எஸ். நைப்பால் 1961-இல் வெளியிட்ட ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ அத்தகைய நாவல்.

கரீபியன் கடலின் டிரினிடாட் தீவுக்கு 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 1,44,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றனர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறிய வடநாட்டார். அவர்தம் வழித்தோன்றலே மோகன் பிஸ்வாஸ். செல்வம் மிகுந்த துளசி குடும்பத்தில் பெண்ணெடுத்து, நம் வழக்கில் சொன்னால், வீட்டோடு மாப்பிள்ளையாகிறார். பின்னர்ச் செய்தித்தாளில் எழுதுகிறார். நான்கு பிள்ளைகளுக்குத் தந்தையாகிறார். கடன் தீராத வீட்டை விட்டுவிட்டு 46 வயதில் இறக்கிறார். இம்முடிவை ஆசிரியர் முதற்பக்கத்திலேயே சொல்லிவிடுவதால், அடுத்தது என்ன என்ற பரபரப்பு நமக்கு இல்லை. ஒரு மனிதர் தம் பிள்ளைகளுக்குச் சொந்தக் கூரை ஒன்றைத் தர எத்தனை முறை தோற்றார் என்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். நைப்பாலின் தந்தை சீபர்சாத் ‘டிரினிடாட் கார்டியன்’ இதழில் செய்தியாளராய் இருந்து 1953-இல் மறைந்தவர். அவர் வாழ்வே இக்கதைக்கு மூலம்.

பொம்மை வீட்டு நிகழ்ச்சி ஒன்றே இந்நூலின் பெருமைக்குப் போதும். கிறிஸ்துமஸ் காலத்தில், தம் ஒரு மாதச் சம்பளத்திற்கும் மேல் கொடுத்து, மகள் சாவிக்குப் பொம்மை வீடு ஒன்றை வாங்கி வருகிறார் பிஸ்வாஸ். கூட்டுக் குடும்பத்தின் மற்றப் பிள்ளைகளுக்கு அத்தகைய பரிசு ஏதுமில்லை. முணுமுணுப்பு எழுகிறது. இறுதியில் தாய் ஷாமாவே அதை உடைத்துப் போடுகிறாள். கொடுமைக்காரியாயிருந்து உடைத்தாளில்லை, அத்தனை பேரோடும் நாளையும் வாழவேண்டியவள் அவள். இதைக் குறிப்பால் உணர்த்திவிட்டு நைப்பால் நகர்ந்துவிடுகிறார். இங்கேதான் அவரோடு நாம் மாறுபடுகிறோம். தந்தையின் அவமானத்தை அணு அணுவாய் அளந்த அந்தக் கண், அன்றிரவு தாயின் உள்ளத்துக்குள் ஒருமுறையேனும் எட்டிப் பார்த்திருக்கலாம். நூலின் பெரிய குறை இதுவே என்போம்.

துளசி வீட்டார் இந்துக்கள். ஆனால் பிள்ளைகளைக் கத்தோலிக்கக் கல்லூரிக்கு அனுப்புகின்றனர். மகன்களுள் ஒருவன் சிலுவை அணிகிறான். கத்தோலிக்க வாசகர் சிலர் இவ்விடத்தில் முகம் சுளிக்கக்கூடும். நைப்பால் நகைப்பது சிலுவையை அன்று. அதைக் காப்புக் கயிறு போலக் கட்டிக்கொள்ளும் மனத்தை. தேர்வுக் காலத்தில் மட்டும் மெழுகுதிரியோடு கெபிக்கு வரும் நம் பிள்ளைகளை அறிந்த பெற்றோருக்கு இச்சிரிப்பு சற்று உறைக்கவே செய்யும்.

ஒன்று மட்டும் மனத்தில் நிற்கிறது. பிஸ்வாஸ் வாங்கிய வீடு கோணலானது, கடன் நிறைந்தது. எனினும் இறுதி நாட்களை அவர் அதில்தான் கழித்தார். கருங்குழி, மதுராந்தகம் பக்கத்து ஊர்களில் வெளிநாட்டு ஊதியத்தால் எழும் மாடிவீடுகள் வழுவழுப்பானவை. கட்டியவரோ ஆண்டுக்கு ஒரு மாதமே அங்கு உறங்குகிறார்.

நைப்பால் எழுதியது வடநாட்டார் குடும்பத்தை. நம்மவர் கதை அதே கடலின் பிரெஞ்சுத் தீவுகளில் இருக்கிறது. 1854 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்து பிறப்பின் திருவிழிப்பு நாளில், குவாதலூப் தீவை ‘ஒரேலி’ என்னும் கப்பல் இந்தியக் கூலிகளின் முதல் கூட்டத்தோடு அடைந்தது. 1889 வரை சென்றோர் ஏறத்தாழ 42,000 பேர். புதுச்சேரி, காரைக்கால் வழியாகச் சென்ற தமிழர் அவர்களுள் மிகப் பலர். அவர்தம் வழிவந்தோர் பெரும்பாலும் திருமுழுக்குப் பெற்றனர், மாரியம்மனையும் விடவில்லை. தமிழ் மறைந்தது, முத்துசாமி, ராமசாமி, சிதம்பரம் எனத் தந்தையரின் பெயர்கள் குடும்பப் பெயர்களாய் எஞ்சின. ஹென்றி சிதம்பரம் என்பார் 1904 முதல் 1923 வரை வழக்காடித் தம் மக்களுக்கு வாக்குரிமை பெற்றுத் தந்தார். ஞாயிறு திருப்பலிக்கும் அம்மன் பூசைக்கும் இடையே அவ்வீடுகளில் நடந்த பேச்சு என்ன? அதைச் சொல்லும் நாவலை நாம் இன்னும் தமிழில் படித்ததில்லை. அத்தீவினரான எர்னெஸ்ட் முத்துசாமி, இந்தியக் கூலிகளின் வாழ்வை வைத்து 1987-இல் ‘ஓரோர்’ என்னும் நாவலைப் பிரெஞ்சில் எழுதினார். பிரெஞ்சும் தமிழும் நன்கறிந்தோர் புதுச்சேரியில் பலர் உளர். அவர்களுள் ஒருவர் அதனைத் தமிழில் தந்தால், பிஸ்வாஸுக்கு அருகே வைத்துப் படிப்போம்.